ஜிப் அக்கா கடையை மூடவில்லை

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. உள்ளே நுழையும்போது குனிய வேண்டும். நுழைந்த பிறகும் பின்பக்கம் நிமிர முடியாது, படிக்கட்டு அங்கே சரிந்து இறங்குகிறது. அந்த அறையில்தான் ஜிப் அக்கா பதினான்கு வருடமாகப் பை ரிப்பேர் செய்கிறார். அடுத்த அறை என்னுடையது. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், லேமினேஷன். நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். அவருடைய மெஷின் ஓடினால் என் மேஜையில் இருக்கும் ஸ்டேப்ளர் பின் டப்பா லேசாக ஆடும். அதை வைத்தே அக்காவுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா ஒரு பை கம்பெனியில் பதினொரு வருடம் ஜிப் பிரிவில் இருந்தவர். கம்பெனியை இழுத்து மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இவர் தான் உட்கார்ந்து தைத்த மெஷினைக் கேட்டு வாங்கி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மெஷின்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற சின்ன உலோகத் துண்டுக்கு ரன்னர் என்று பெயர். ஜிப் மூடவில்லை என்று எடுத்து வருகிற பைகளில் முக்கால்வாசிக்கு ஜிப்பில் ஒரு கோளாறும் இருக்காது. ரன்னர்தான் தேய்ந்து வாய் பிளந்திருக்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு குறடு எடுத்து ரன்னரின் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். மறுபடி இழுப்பார். சர்ரென்று மூடிக்கொள்ளும்.

"அவ்ளோதான். காசெல்லாம் வேணாம். அடுத்த தடவ பை கிழிஞ்சா இங்க வாங்க, அது போதும்."

நான் பக்கத்திலிருந்து தலையில் அடித்துக்கொள்வேன். "ஏன்க்கா, முழு ஜிப்பையும் மாத்தணும்னு சொல்லியிருந்தா இன்னைக்குப் பொழப்பு ஓடியிருக்கும்ல?"

"மாத்த வேண்டியதே இல்லையே தம்பி. நல்லா இருக்கற ஜிப்ப வெட்டிப் போட என் கை போகாது."

தேதி சொல்வதிலும் அப்படித்தான். புதன்கிழமை முடிந்துவிடும் என்று தெரிந்தால் வியாழக்கிழமை வாருங்கள் என்பார். புதன்கிழமையே முடித்து வைத்துவிடுவார். தன்னால் முடியாத வேலையை முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிடுவார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம். கடைக்குள் வரும்போதெல்லாம் படிக்கட்டில் தலை இடித்துக்கொள்வார். "ஊரையே மேல ஏத்தி விடறேன், எம் பொண்டாட்டி கடைக்கு மட்டும் ஊர்ந்து வர வேண்டியிருக்கு" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. அக்கா ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை குறைய ஆரம்பித்தது. ஆட்கள் பையை ரிப்பேர் செய்வதை விட்டுவிட்டார்கள் என்று முதலில் நினைத்தோம். ஒரு நாள் காலையில் ஒரு பெண், கைப்பிடி அறுந்த பையோடு அக்கா கடை வாசலிலேயே நின்று, போனைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இங்க பக்கத்துல பேக் ரிப்பேர் கடை எங்கங்க இருக்கு?"

அக்கா மடியில் ஒரு பை, வாயில் நூல். நூலை எடுத்துவிட்டு, "இதுதாம்மா" என்றார்.

அந்தப் பெண் போனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "மேப்ல காட்டலையே?" என்றாள். கண்ணெதிரே இருக்கும் கடையைவிட அவள் கையில் இருந்த போன்மேல்தான் அவளுக்கு நம்பிக்கை அதிகம். பையைக் கொடுத்தாள், ஆனால் அரை மனதோடு.

அக்கா அதை மறக்கவில்லை. அந்த மாதமே சிறு வியாபாரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி என்று ஒரு நோட்டீஸ் என்னிடம் ஜெராக்ஸுக்கு வந்தது. இரண்டு பேருமே போனோம். பயிற்சி கொடுத்தவர் டை கட்டி, காதோரம் மைக் மாட்டியிருந்தார். பாதி நேரம் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கையைத் தூக்கி, "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். ஒரு பேக்கரிக்காரருக்குக் கத்தியே தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா கையைத் தூக்கவில்லை.

"முடியும்னு தெரிஞ்சுதானே பஸ் ஏறி வந்தோம்" என்றார் என்னிடம்.

ஆனால் மீதிப் பாதி நேரம் அந்த மனிதர் உருப்படியாகவே பேசினார். கடை முகப்பைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், தெருவில் நடந்து வருகிறவன் அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பான் என்றார். நேரத்தைச் சரியாகப் போடுங்கள், பத்து மணி என்று போட்டுவிட்டுப் பத்தரைக்குத் திறந்தால் அந்த அரை மணி நேரத்தில் வந்து போனவன் திரும்ப வரமாட்டான் என்றார். சனங்கள் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவார்களோ அந்தப் பெயரையே போடுங்கள். வேலை முடிந்து பொருளைக் கையில் வாங்கும்போது முகம் மலரும் பாருங்கள், அந்த நிமிஷத்தில் கேளுங்கள், ரெண்டு வரி எழுதச் சொல்லி. நல்லது எழுதினாலும் கெட்டது எழுதினாலும் ஒரே நாளில் பதில் போடுங்கள். கெட்டதுக்கு முதலில் போடுங்கள்.

அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதியதை எல்லாம் செய்தார், அதுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம். நான் என் நோட்டை அன்றைக்கு மூடியதுதான்.

'ஜிப் அக்கா பை ரிப்பேர்' என்று மேப்பில் பதிந்தோம். அதே பெயரில் நான் ஒரு போர்டும் அடித்துக் கொடுத்தேன். முதல் மாதம் நான்கு பேர் எழுதினார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் வாயால் சொல்ல, நான் டைப் செய்வேன். ஒருவர் மூன்று ஸ்டார் கொடுத்து 'ஓகே' என்று மட்டும் எழுதியிருந்தார். அக்காவுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

"என்னத்த ஓகே? தையல் சரியில்லையா, நூல் கலர் பிடிக்கலையா, சொன்னாத்தானே தெரியும்? கேட்டு எழுதுங்க தம்பி."

எழுதினேன். தைத்தது நன்றாகத்தான் இருக்கிறது, கடையில் உட்கார ஒரு ஸ்டூல் இருந்திருக்கலாம் என்று அந்த ஆள் பதில் போட்டார். மறுநாள் வாசலில் ஒரு ஸ்டூல் வந்தது. அந்த ஆளே ஒரு வாரம் கழித்து அதை ஐந்து ஸ்டாராக மாற்றினார்.

எட்டு மாதத்தில் நூற்று அறுபத்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஊரின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் பெட்டிகள் வந்தன. முதலில் போனில் படம் அனுப்புவார்கள், அக்கா பார்த்து, முடியும் முடியாது என்று சொல்வார், தேதி சொல்வார், எல்லாம் அந்த மேப் பக்கத்தின் செய்திப் பெட்டியிலேயே நடந்தது. முன்பெல்லாம் ஒரு நீள நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டிருந்தவர், அதை நிறுத்திவிட்டார். எதற்கு இரண்டு இடத்தில் எழுத வேண்டும்? பைக்கு ஒரு டோக்கன், கஸ்டமருக்கு ஒரு டோக்கன், அவ்வளவுதான். அந்த டோக்கன் அட்டைகளை நான்தான் அச்சடித்தேன்.

"போன் நம்பர் போடட்டுமாக்கா? கீழ ஒரு வரி இடம் இருக்கு."

"எதுக்கு தம்பி, மேப்லதான் இருக்கே. டோக்கன் நம்பர பெருசாப் போடுங்க, வயசானவங்களுக்குத் தெரியட்டும்."

பெரிதாகப் போட்டேன். கீழே அந்த ஒரு வரி காலியாகவே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வரைக்கும் ஒருவரும் வரவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை. மழைக்கு ஆள் வரவில்லை போல என்றார் அக்கா. புதன்கிழமை மழை இல்லை. அன்றைக்கும் யாரும் வரவில்லை. மத்தியானம் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "அக்கா, கடையக் காலி பண்றீங்களா? சொல்லவே இல்ல" என்றாள்.

"யார் சொன்னா?"

அவள் போனைக் காட்டினாள். அக்கா கடையின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது. நிரந்தரமாக மூடப்பட்டது.

அக்கா அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து வெளியே போய், தன் கடையைத் தானே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். நான் சிரித்தேன். தவறிப்போய் யாரோ ஏதோ அழுத்தியிருப்பார்கள், ஐந்து நிமிஷ வேலை என்று சொன்னேன். உள்ளே போகப் பார்த்தால் பக்கம் திறக்கவில்லை. உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று வந்தது. ஏன் என்று இல்லை. யார் சொன்னது என்று இல்லை. செய்திப் பெட்டியும் போய்விட்டது. அதில்தான் பதினேழு பைகளின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

முறையிட ஒரு படிவம் இருந்தது. நிரப்பினோம். கடை திறந்திருப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. தெருப் பலகையிலிருந்து ஆரம்பித்து, போர்டைக் காட்டி, அக்கா தன் கையால் பூட்டைத் திறப்பது வரை எடுத்தேன். அக்கா அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் கடையின் பெயர் உங்கள் ஆவணத்தில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை.

பொருந்தாதுதான். லைசென்ஸ் எடுத்த காலத்தில் ஜிப் அக்கா என்று யார் போடுவார்கள்? அதில் அவருடைய கணவர் பெயரும் 'பை தைக்கும் தொழில்' என்பதும்தான் இருந்தன. கணவர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைந்தார். பெயர் மாற்றிய லைசென்ஸ் வர மூன்று வாரம் ஆனது. அனுப்பினோம். அரை நிமிஷத்தில் பதில் வந்தது. உங்கள் கோரிக்கை ஏற்கெனவே முடித்துவைக்கப்பட்டது.

உதவி எண் ஒன்று இருந்தது. கூப்பிட்டால் ஓர் இனிமையான குரல், உங்கள் கேள்விக்கான விடை எங்கள் உதவிப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அக்கா முதல் இரண்டு தடவை அந்தக் குரலிடம் பேசினார். "அம்மா, ஒரு நிமிஷம், நான் கடையிலதான் உக்காந்திருக்கேன்" என்றார். அது ஆள் இல்லை, பதிவு செய்த குரல் என்று நான் சொன்ன பிறகு போனைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய கணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தலை இடித்துக்கொண்டும் அவர் அந்த நகைச்சுவையைச் சொல்லவில்லை.

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள ஒரு பெல் பட்டன் இருக்கும்" என்றார். "அழுத்தினா எங்கயாவது சத்தம் கேக்கும். அர மணி நேரம் ஆனாலும் யாராவது ஒருத்தன் வந்து, பயப்படாதீங்கன்னு வெளியில இருந்து கத்துவான். நானே எத்தன தடவ கத்தியிருக்கேன். இதுல அந்த பட்டன எங்க வெச்சிருக்காங்க?"

நான் போனை எடுத்து, அந்த உதவிப் பக்கத்தை மறுபடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

இரண்டாவது மாதம் அக்காவுக்கு ஒருவன் போன் செய்தான். மேப்பிலிருந்து பேசுகிறேன் என்றான். கடையின் பெயரையும் தெருவையும் சரியாகச் சொன்னான். முன்பணம் கட்டினால் ஒரே நாளில் திறந்து தருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தண்ணீரில் விழுந்தவரிடம் கயிற்றின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவனைப் பார்ப்பதுபோல இருந்தது. கட்டினார். அவன் சொன்னபடி ஒரே நாளில் புதிதாக ஒரு பக்கம் வந்தது. ஆனால் மேப்பில் கடையின் புள்ளியைக் கொண்டுபோய் வைத்த இடம், நான்கு தெரு தள்ளி இருக்கும் பூங்காவில், நட்டநடுக் குளத்தில். இரண்டு பேர் பெட்டியோடு குளத்தங்கரையில் நின்றுகொண்டு அக்காவுக்கு போன் செய்தார்கள். ஒருவர் வழி கேட்டு வந்து சேர்ந்தார், மற்றவர் திட்டிவிட்டு வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் அந்தப் பக்கமும் போலி என்று மூடப்பட்டது. அவனுடைய நம்பர் அதற்கு முன்பே வேலை செய்யவில்லை.

பதினேழு பைகளில் பதினாறுக்குச் சொந்தக்காரர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். தெருவில் குடியிருப்பவர்கள், அலுவலகம் பக்கத்தில் இருப்பவர்கள், போனை நம்பாமல் நேரில் வந்து பார்த்தவர்கள். மிஞ்சியது டோக்கன் நாற்பத்தொன்று. நீல நிறப் பெரிய பெட்டி. ஒரு சக்கரம் உடைந்து வந்தது. அக்கா நான்கு சக்கரத்தையும் கழற்றி எண்ணெய் போட்டு, உடைந்ததை மாற்றி வைத்திருந்தார். அதைக் கொடுத்தவர் ஒரு டீச்சர் என்பது மட்டும் நினைவிருந்தது. வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம், வெள்ளிக்கிழமை விமானம், வியாழக்கிழமை கண்டிப்பாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர். செவ்வாய்க்கிழமை மூடினார்கள் அல்லவா, அந்த வாரத்து வியாழக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவர் எழுதிவிட்டார். கடைப் பக்கத்தில் எங்களால்தான் ஒன்றும் செய்ய முடியாதே தவிர, ஊரில் யாரும் எழுதலாம், படிக்கலாம்.

'என் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கடையைக் காலி செய்துவிட்டு ஓடிவிட்டார். வாங்கக் கிளம்பும்போது பார்த்தால் நிரந்தரமாக மூடப்பட்டது என்று இருக்கிறது. செய்திக்குப் பதில் இல்லை. போன் நம்பரை நீக்கிவிட்டார். என் பேரக்குழந்தைக்குத் தைத்து வைத்த துணிகளில் பாதியை வீட்டிலேயே போட்டுவிட்டு விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இனிக்க இனிக்கப் பேசுகிற திருடர்களை நம்பாதீர்கள்.' ஒரு ஸ்டார். இது உதவியாக இருந்தது என்று அதற்குக் கீழே இருநூறு பேர் அழுத்தியிருந்தார்கள்.

நான்தான் படித்துக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் எப்படியும் யாராவது காட்டியிருப்பார்கள்.

அக்கா திரும்பி, பின்னால் நிற்கும் நீலப் பெட்டியைப் பார்த்தார். "இதோ இருக்கே" என்றார். "துடைச்சு வெச்சிருக்கேனே." கெட்டதுக்கு முதலில் பதில் போட வேண்டும் என்று கற்றுக்கொண்டவர். பதில் போடும் இடம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

டீச்சர் பெயர் தெரியாது, எழுதியதற்கு மேலே ஒரு பூப்படமும் ஏதோ இரண்டு எழுத்தும்தான் இருந்தன. பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிகள் பதினொன்று. அக்கா வாரத்துக்கு ஒரு நாள் கடையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். முதல் பள்ளியில் வாட்ச்மேன் கேட்டுக்குள் விடவில்லை. இரண்டாவதில் பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் படிவம் கொடுத்துவிட்டார்கள். ஏழாவது பள்ளியில் ஆபீஸ் கிளார்க், "ஆமா, ரிட்டயர் ஆயிட்டாங்க, பொண்ணு வெளிநாட்டுல இருக்கு" என்றார். அக்காவுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டதாம்.

"அவங்க நம்பர் மட்டும் குடுங்க சார்."

"அதெல்லாம் வெளியாளுங்களுக்குக் குடுக்கக் கூடாதுங்க. ரூல்ஸ்."

"சரி, நீங்களே போன் பண்ணி, பெட்டி பத்திரமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கறேன்."

எழுதிக் கொடுத்தார். கிளார்க் அதை மடித்துக் கண்ணாடி பேப்பர் வெயிட்டுக்குக் கீழே வைத்தார். இரண்டு வாரம் கழித்து அக்கா மறுபடி போனபோதும் அது அங்கேயே இருந்ததாம், மேலே இன்னும் நான்கு காகிதங்களோடு.

அந்த மாதங்களில்தான் அக்கா மாறினார். கடைக்கு வந்த ஒருவர் விளையாட்டாக, "என்னங்க, மூடிட்டீங்கன்னு போட்டிருக்கு, உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"அப்ப நான் யாரு, பேயா?" என்று சுள்ளென்று விழுந்தார் அக்கா.

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். சொன்ன தேதிக்கு முடிக்காத பை முதல்முதலாக அந்த மாதம்தான் அலமாரியில் நின்றது. ஒரு பள்ளிப் பைக்கு வாரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். என் மேஜையில் பின் டப்பா அசையவே இல்லை. போய்ப் பேசலாம் என்று எழுந்திருப்பேன். யாராவது ஜெராக்ஸுக்கு வந்தால் அதையே சாக்காக வைத்து உட்கார்ந்துவிடுவேன். படிவம் நிரப்பியவன் நான், வீடியோ எடுத்தவன் நான், அந்த டோக்கனை அடித்தவனும் நான்.

ஐந்தாவது மாதம், ஒரு காலை நேரம், என் கடையில் ஒரு அம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பென்ஷன் தாள்கள். பக்கத்தில் பல் டாக்டரிடம் வந்ததாகச் சொன்னார். காத்திருக்கும்போது தலையைத் திருப்பி அடுத்த அறையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தாள்களை என் மேஜையில் விட்டுவிட்டு விறுவிறுவென்று போனார்.

"எங்க என் பெட்டி?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மறந்தே போகவில்லை அவருக்கு அந்த முகம். கையை மட்டும் பின்னால் காட்டினார்.

"என்ன தைரியம் உங்களுக்கு! அஞ்சு மாசம்! மறுபடி இங்கயே கடை போட்டு உக்காந்திருக்கீங்க!"

"மறுபடி இல்ல டீச்சர். நான் போகவே இல்ல."

டீச்சர் நம்பவில்லை. நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவைக் காட்டினேன், மூன்று வாரம் அலைந்து வாங்கிய லைசென்ஸைக் காட்டினேன், நிராகரித்து வந்த ஒன்பது பதில்களைக் காட்டினேன். பள்ளிக்கூடத்து விஷயத்தைச் சொன்னபோது, "எந்தக் கிளார்க்? கண்ணாடி போட்ட ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பெட்டியை இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினார். ஒரு விரலால் தள்ளினால் ஓடியது.

"நாலு சக்கரமும் பாத்திருக்கேன் டீச்சர். கொழந்த எப்படி இருக்கு?"

டீச்சர் அழுதுவிட்டார். "பொண்ணு" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இருங்க. நான் எழுதினத இப்பவே அழிச்சிடறேன். வேற எழுதறேன்."

தான் எழுதியதைத் தேடி எடுத்தார். அழி என்பதை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மூடப்பட்ட இடங்களுக்கு மாற்றங்கள் செய்ய இயலாது.

"என்னது இது?" மறுபடி அழுத்தினார். மறுபடி அதுவே. நான் வாங்கிப் பார்த்தேன். திருத்து என்பதையும் அழுத்தினேன். அதுவும் அதேதான். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"என் கையால நான் எழுதினது. தப்புன்னு நானே சொல்றேன். முப்பத்தி நாலு வருஷம் கரும்பலகைல எழுதியிருக்கேன், தப்பா எழுதினா டஸ்டர எடுத்து அழிச்சிட்டுத் திருப்பி எழுதுவேன். இத அழிக்க யாரு கிட்ட போகணும்?"

"தெரியல டீச்சர்" என்றார் அக்கா. "அதத்தான் நானும் அஞ்சு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

மூன்று பேரும் குனிந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். இனிக்க இனிக்கப் பேசுகிற திருடர்கள் என்ற வரி நடுவில் தெரிந்தது. டீச்சர் அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

அவர் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொன்னார், பள்ளியில் கூட வேலை பார்த்தவர்களின் பைகளை அனுப்பிவைத்தார், அந்தக் கிளார்க்கிடம் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். ஆனால் நாலு பேர், எட்டுப் பேர் என்று வருகிற வேலையில் வாடகை நிற்காது. ஆறாவது மாதம் அக்கா, கடைத்தெருவில் புதிதாக வந்த பெரிய பெட்டி ஷோரூமில் மத்தியான வேலைக்குச் சேர்ந்தார். காலையில் சொந்தக் கடை, இரண்டு மணியிலிருந்து அங்கே பின்னறையில் ரிப்பேர் வேலை.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஜிப் மூடவில்லை என்று பெட்டி வந்தால் ரன்னரை அழுத்திச் சரிசெய்யக் கூடாது. முழு ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். முதல் வாரம் அக்கா வழக்கம்போலக் குறடு எடுத்து அழுத்திக் கொடுத்துவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு, தன்மையாகத்தான், "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் உங்க கடையில வெச்சுக்குங்க. இங்க லிஸ்ட்ல என்ன இருக்கோ அதச் செய்ங்க" என்றாராம்.

"செய்யறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"செய்யறேன். வேற என்ன பண்ண?" என்றார். "வெட்டும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

பதினோராவது மாதம், ஒரு திங்கட்கிழமை, அக்காவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். கடை திறந்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அக்கா பதில் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் என்னிடம் ஓடிவந்தார். மேப்பைத் திறந்தேன். சிவப்பு எழுத்து இல்லை. திறந்திருக்கிறது என்று பச்சையில் இருந்தது. ஏன் மூடினார்கள் என்று ஒரு கடிதம் வரவில்லை, ஏன் திறந்தார்கள் என்றும் வரவில்லை. கணக்கும் உள்ளே விட்டது. செய்திப் பெட்டி காலி. நூற்று அறுபத்து மூன்று பேர் எழுதியதில் பதினான்கு மட்டும் மிஞ்சியிருந்தன. ஸ்டூல் கேட்டவர் இல்லை. டீச்சர் எழுதியது இருந்தது.

உடனே டீச்சருக்கு போன் செய்தோம். அவர் அந்த நிமிஷமே முயன்றார். மூடிய கடைக்கு எழுதியது என்பதால் அது தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறதாம், அழிக்க விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்களாம். விண்ணப்பித்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். பரிசீலனையில் இருக்கிறது.

அன்றைக்கு போன் செய்தவர் சனிக்கிழமை வருகிறேன் என்றார். வரவில்லை. அதை அக்கா பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வருகிறவர்களின் பெயரையும் நம்பரையும் இப்போது நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஒரு நோட்டு கடையில், ஒரு நகல் வீட்டில். டோக்கனை மறுபடி அடித்துக் கொடுத்தேன், போன் நம்பரோடு. அதற்கு நான் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

போன வாரம் எதிர் வரிசையில் திரைச்சீலைக் கடை போடப் போகிற ஓர் அம்மா அக்காவிடம் வந்தார். அக்கா வயசுதான் இருக்கும். மேப்பில் போடலாமா, அதை நம்பலாமா என்று கேட்டார்.

"போடுங்க" என்றார் அக்கா. "போடாம இப்ப முடியாது. பகல்ல போட்டோ எடுங்க. லைசென்ஸ்ல என்ன பேரோ அதையே போர்டுலயும் போடுங்க, மேப்லயும் போடுங்க. யார் வந்தாலும் நம்பர உங்க கையால எழுதி வெச்சுக்குங்க. மேப்ல இருந்து பேசறேன்னு எவனாவது கூப்பிட்டா வெச்சிருங்க."

"இவ்ளோ பண்ணியும் திடீர்னு மூடிட்டா?"

அக்கா கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"மூடிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார் அக்கா. "ஆனா நீங்க வந்து கடையத் தெறந்து வெச்சிருங்க."

மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஷோரூமுக்குக் கிளம்ப வேண்டும். அக்கா தைத்து முடித்த இரண்டு பைகளை என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார், நான்கு மணிக்கு ஒருவர் வருவார் என்று சொல்லிவிட்டு, நோட்டில் அவர் நம்பரை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.